படத்துக்குக் கீழே ஒரு வரி

கவின்கலைக் கல்லூரி மாணவி ஒருவர் ஒருநாள் என் மேசைக்கு வந்து, ரெஃபரன்ஸ் பகுதியில் இருந்த செப்புத் திருமேனிப் புத்தகம் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வைத்தார். எடை நாலு கிலோவுக்குக் குறையாது. ஒரு நடராசர் படத்தைக் காட்டி, "சார், இது எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். களிமண்ணில் அளவு குறைத்துச் செய்து பார்க்க வேண்டுமாம். படத்தின் கீழே பார்த்தோம். 'நடராசர், சோழர் காலம், தென்னிந்தியா' என்று இருந்தது. பின்னால் பட விவரம் தனியாகக் கொடுத்திருப்பார்களோ என்று புரட்டினோம். இல்லை. எந்தக் கோயில், இப்போது எந்த ஊரில் இருக்கிறது, ஒரு முழமா ஆள் உயரமா, எதற்கும் பதில் கிடைக்கவில்லை. வழவழப்பான தாளில் முந்நூறு பக்கம், எல்லாப் பக்கத்திலும் இதே கதைதான். அந்தப் புத்தகத்தை வாங்கலாம் என்று பட்டியலில் டிக் அடித்தவனே நான்தான். அட்டையைப் பார்த்து மயங்கியிருந்தேன்.

அன்றிலிருந்து கலை நூல் எது கைக்கு வந்தாலும் முன்னுரைக்குப் போவதில்லை. நடுவில் திறந்து, ஏதாவது ஐந்து படங்களுக்குக் கீழே உள்ள வரிகளைப் படிப்பேன். நூலகர்களில் கலை வரலாறு படித்தவர்கள் எத்தனை பேர்? நானும் படித்ததில்லை. ஆனால் பட விளக்கம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க அந்தப் படிப்பு தேவையில்லை. கிடைத்த இடம், இப்போது இருக்கும் இடம், உயரம், கல்லா உலோகமா, காலம், அந்தக் காலத்தை எதை வைத்துச் சொல்கிறார்கள், படம் யார் எடுத்தது, எப்போது எடுத்தது. எல்லாம் ஒரே வரியில் இருக்க வேண்டும் என்றில்லை. பின்னிணைப்பில் எண் போட்டுக் கொடுத்திருந்தாலும் சரிதான். எங்குமே இல்லையென்றால் அது வரவேற்பறை மேசைக்கு ஆன புத்தகம். நூலக வரிப் பணத்தில் வாங்க வேண்டியதில்லை.

அடுத்து ஒரு சோதனை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு கலைப் பொருளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நேரில் போய்ப் பார்த்ததாக இருக்க வேண்டும். புதுப் புத்தகம் வந்ததும் அதைத் தேடிப் பாருங்கள். என்னுடையது திருவெண்காட்டு ரிஷபவாகனர். தஞ்சாவூர் கலைக்கூடத்தில் நிற்கிறார். சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக்கொண்டு, காளையின் மேல் ஒரு கையைப் போட்டபடி நிற்கும் கோலம். காளை மட்டும் இல்லை. காற்றின் மேல் கை வைத்திருப்பது போலத் தெரியும். முதலாம் இராசராசன் காலத்தில், 1011இல், கோலக்கவன் என்பவர் இதைச் செய்வித்த செய்தி கல்வெட்டில் இருக்கிறது. மறு ஆண்டு உமையின் திருமேனி சேர்ந்தது. சோழர் செப்புத் திருமேனிகளில் ஆண்டு இப்படித் துல்லியமாகத் தெரிவது அபூர்வம். அதனாலேயே மற்றத் திருமேனிகளுக்குக் காலம் சொல்ல ஆய்வாளர்கள் இவரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள்.

இவ்வளவும் தெரிந்த ஒரு பொருளைப் பற்றிப் புத்தகம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் அதன் சங்கதி வெளிப்பட்டுவிடும். '1011, கல்வெட்டு ஆதாரம், தஞ்சாவூர் கலைக்கூடம்' என்றிருந்தால் நம்பிக்கை வரும். 'பதினோராம் நூற்றாண்டு' என்று மட்டும் இருந்தால் தப்பில்லை, ஆனால் சோம்பல். காளை இல்லாததைச் சொல்லாமல், 'ஒயிலாக நிற்கும் சிவன்' என்று மட்டும் எழுதியிருந்தால் எழுதியவர் அந்தச் சிலையின் முன்னால் நிற்கவே இல்லை என்று அர்த்தம். ரிஷபவாகனர் சென்னை அருங்காட்சியகத்தில் இருப்பதாக ஒரு நூலில் போட்டிருந்தது. குழப்பம் எங்கே வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. அதே திருவெண்காட்டில் கிடைத்த அர்த்தநாரி அந்தச் சென்னை அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறார். ஊகிக்க முடிகிறது என்பதற்காக மன்னிக்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒன்றிலேயே பிழை என்றால், தெரியாத முந்நூறில் எத்தனை இருக்கும்?

நீங்கள் புதுக்கோட்டையில் வேலை பார்த்தால் சித்தன்னவாசலை எடுத்துக்கொள்ளலாம். காஞ்சிபுரம் என்றால் கைலாசநாதர் கோயில். சென்னையில் கன்னிமாரா நூலகமும் அருங்காட்சியகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. புத்தகத்தில் படித்ததை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அப்படி ஒரு வசதி எத்தனை நூலகருக்குக் கிடைக்கும்?

பட விளக்கத்துக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய வழக்கு. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951இல் மண்ணுக்கடியிலிருந்து சில செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றில் ஒரு நடராசர். பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் நகல் ஒன்று தயாராகி, நகல் கோயிலுக்கும் அசல் வெளியேயும் போயின. ஊரில் யாருக்கும் தெரியாது. பூசை நகலுக்கு நடந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் 1965இல் 'எர்லி சோழ பிரான்ஸஸ்' என்ற நூலை வெளியிட்டபோதுதான் விஷயம் உடைந்தது. அசல் தனியார் கையில் இருக்கிறது, கோயிலில் இருப்பது நகல் என்று அதில் எழுதியிருந்தார். பிறகு அந்த நடராசரை 1973இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் ஒன்பது லட்சம் டாலருக்கு வாங்கினார். இந்திய அரசு வழக்குப் போட்டது. 1976இல் உடன்பாடு ஏற்பட்டு, 1986இல் திருமேனி திரும்பி வந்தது. எந்தப் பொருள் எந்த ஆண்டில் யாரிடம் இருந்தது என்று ஒரு நூல் கவனமாகப் பதிந்ததால் கிடைத்த பலன் இது.

ஸ்ரீபுரந்தான் நடராசர் கதையும் இதே மாதிரிதான். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கிவைத்திருந்த அந்தத் திருமேனி கோயிலில் இருந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படங்கள் சாட்சியாக நின்றன. 2014இல் அது இந்தியாவுக்குத் திரும்பியது. ஆகவே படம் எடுத்த ஆண்டும் எடுத்தவர் பெயரும் இல்லாத புத்தகம் பாதி ஊமை.

படங்களைப் பற்றி இன்னொன்று. சில நேரம் அச்சகத்தில் படம் இடவலம் மாறிவிடும். மேல்நாட்டுப் பதிப்புகளிலும் பார்த்திருக்கிறேன். கண்டுபிடிக்க நம்மிடம் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. நடராசர் தூக்கியிருப்பது இடது கால். வலது பின்கையில் உடுக்கை, இடது பின்கையில் தீ. மதுரை வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடியவரையும் அந்தப் பக்கத்தில் அவரைப் போலவே வார்த்த சிலரையும் தவிர, வேறு யாராவது வலது காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் படத்தைச் சந்தேகப்படுங்கள். உடுக்கையும் கை மாறியிருந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஒரு படம் புரண்டிருப்பதை வைத்து நூலையே தள்ள வேண்டாம். மூன்று நான்கு என்றால் மெய்ப்புப் பார்க்க ஆளே இல்லாமல் அச்சான புத்தகம் அது.

படத்தை நம்பித்தான் பெரும்பாலோர் கலையைப் பார்க்கிறார்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் நடராசரைப் பற்றிக் கட்டுரை எழுதினார். சென்னை அருங்காட்சியகத் திருமேனியின் புகைப்படங்களைப் பார்த்தே எழுதியது அது. நேரில் பார்த்ததில்லை. நம் கிளை நூலகத்துக்கு வரும் பையனும் ரோதேன் நிலைமையில்தான் இருக்கிறான்.

இனி ஆண்டு. கலை நூலில் ஏமாறுவதற்கு மிகச் சுலபமான இடம் இதுதான். தலைப்புப் பக்கத்தில் போன வருடத்துத் தேதி இருக்கும், உள்ளே சரக்கு நூறு வருடத்துப் பழசாக இருக்கும். டி.ஏ. கோபிநாத ராவின் 'எலிமென்ட்ஸ் ஆஃப் ஹிந்து ஐகனாகிராஃபி' 1914க்கும் 1916க்கும் இடையே வந்தது. இரண்டு தொகுதி, ஒவ்வொன்றும் இரண்டு பாகம். சிற்ப நூல்களிலிருந்து மூலப் பகுதிகளைத் திரட்டி, எந்த மூர்த்திக்கு என்ன கை, என்ன ஆயுதம் என்று அவர் வகுத்துவைத்தது இன்றும் பயன்படுகிறது. நூலகத்தில் இருக்க வேண்டிய நூல்தான். ஆனால் அதைப் பலரும் மறுஅச்சுப் போட்டிருக்கிறார்கள். மறுஅச்சு வேறு, திருத்திய பதிப்பு வேறு. புதிய அட்டையைப் பார்த்துப் புதிய நூல் என்று பதிவேட்டில் ஏற்றினால் வாசகருக்குத் துரோகம். ராவ் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலின் சுற்றுப்பாதையில் சோழர் ஓவியம் இருப்பதே யாருக்கும் தெரியாது. நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த அதை எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல்தான் வெளியுலகத்துக்குச் சொன்னார்.

உள்ளடக்கத்தின் உண்மையான வயதைக் காண இரண்டு இடம் பார்த்தால் போதும். ஒன்று, முன்னுரையின் அடியில் உள்ள தேதி. மற்றொன்று, துணைநூல் பட்டியலில் கடைசியாக வந்த நூலின் ஆண்டு. தலைப்புப் பக்கம் 2019 என்கிறது, பட்டியலில் 1978க்குப் பிறகு ஒரு நூலும் இல்லை என்றால், நீங்கள் வாங்கப்போவது 1978ஆம் ஆண்டுப் புத்தகம். மறுஅச்சுகளில் படங்களையும் உற்றுப் பாருங்கள். அச்சான படத்தையே திரும்பப் படம் பிடித்துப் போடுவதால் கறை படிந்த சல்லடை போல இருக்கும். ராவ் நூலின் பழைய அச்சு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மங்கலான மறுஅச்சுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

கருத்து எப்போது மாறியது என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. சித்தன்னவாசல் பக்கத்தைத் திறங்கள். ஓவியங்கள் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தவை, ஏழாம் நூற்றாண்டு என்று முடித்திருந்தால் அது பழைய கருத்து. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் குடைவரையைப் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டு கிடைத்த பிறகு, பாண்டியர் காலம், ஒன்பதாம் நூற்றாண்டு என்பது பொதுவாக ஏற்கப்பட்டது. இன்றும் பல சுற்றுலாக் கையேடுகளும் சில கனமான புத்தகங்களும் பல்லவரை விடவில்லை. மாமல்லபுரம் இன்னும் நல்ல உரைகல். அங்குள்ளவை மூன்று நான்கு மன்னர்கள் காலத்தில் படிப்படியாகச் செய்தவை என்று ஒரு தரப்பு. எல்லாமே இராசசிம்மன் பணி என்று இரா. நாகசாமி 1962இல் எழுதினார். பெரும்பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தவமா, கங்கை இறங்குவதா என்ற வழக்கும் ஓயவில்லை. இதில் எந்தக் கட்சி சரி என்று நூலகர் தீர்ப்பளிக்க வேண்டாம். இரண்டு கட்சி இருப்பதைப் புத்தகம் சொல்கிறதா என்று பாருங்கள். ஒன்றை மட்டும் வேதவாக்காகச் சொல்வது வாசிக்க நன்றாக இருக்கும், ரெஃபரன்ஸ் அலமாரிக்கு ஆகாது.

வெளிநாட்டுக் கலைக்கும் இதே கதைதான். ரெம்பிராண்ட் வரைந்தவை அறுநூறுக்கு மேல் என்று 1935இல் பிரேடியுஸ் பட்டியல் போட்டார். 1968இல் தொடங்கிய ரெம்பிராண்ட் ஆய்வுத் திட்டம் 2014இல் ஆறாம் தொகுதியோடு முடிந்தபோது அந்த எண்ணிக்கை ஏறக்குறைய பாதிக்கு இறங்கியிருந்தது. பழைய புத்தகத்தில் ரெம்பிராண்ட் என்று மாணவர் படித்து எழுதிய ஓவியம் இன்று அவர் சீடர் பெயரில் தொங்கிக்கொண்டிருக்கலாம். பெயர் பெற்ற பாட நூல்களிலும் ஓட்டை உண்டு. உலகெங்கும் கல்லூரிகளில் வைத்திருந்த ஜான்சனின் 'ஹிஸ்டரி ஆஃப் ஆர்ட்' முதல் பதிப்பில், 1962இல், ஒரு பெண் கலைஞர்கூடக் கிடையாது. பானிஸ்டர் ஃப்ளெட்சரின் கட்டடக்கலை வரலாறு 1901 பதிப்பில் இந்தியக் கட்டடக்கலையை 'வரலாறு சாராத பாணிகள்' என்ற மூலையில் ஒதுக்கியது. ஆயிரம் ஆண்டாக நிற்கிற பெரிய கோயிலுக்கு வரலாறு கிடையாதாம்! பெயருக்காக வாங்காமல் எந்தப் பதிப்பு என்று கேட்டு வாங்குங்கள். பெரிய களஞ்சியம் வேண்டும் என்றால் 34 தொகுதிகளாக 1996இல் வந்த குரோவ் 'டிக்‌ஷனரி ஆஃப் ஆர்ட்' இருக்கிறது. அதன் கடைசித் தொகுதி முழுக்கச் சொல்லடைவு. மாவட்ட மைய நூலகத்துக்குக் கீழே அதை வாங்குவது வீண். இணையப் பதிப்புக்குச் சந்தா கட்டும் நூலகம் எது என்று தெரிந்துவைத்துக்கொண்டு ஆளை அங்கே அனுப்பினால் போதும்.

சொல்லடைவு என்றதும் நம் தமிழ்ப் பதிப்பாளர்கள் மேல் எனக்குள்ள வருத்தத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அருமையான நூல் எழுதுகிறார்கள், கோயில் கோயிலாக அலைந்து செய்தி சேர்க்கிறார்கள், கடைசியில் இரண்டு பக்கச் சொல்லடைவு போட மாட்டேன் என்கிறார்கள். ஐந்நூறு பக்கத்தில் 'கொடும்பாளூர்' எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க வாசகர் முழுப் புத்தகத்தையும் படிக்க வேண்டுமா? வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பதை நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இலேயே விதியாக எழுதிவைத்துவிட்டார். சொல்லடைவு இல்லாத நல்ல நூலை நான் ஒதுக்குவதில்லை. வாசகர் வட்டத்தில் இரண்டு பேரை உட்காரவைத்து ஊர்ப் பெயர்ப் பட்டியல் தயார் செய்து, தட்டச்சடித்துப் பின்னட்டைக்குள் ஒட்டிவிடுவேன். ஒரு வாரத்து வேலை.

ஆங்கில நூல்களில் சொல்லடைவு இருக்கும், ஊர்ப் பெயர்தான் பாடாய்ப்படும். டான்ஜோர், தஞ்சாவூர், கான்ஜீவரம், காஞ்சி என்று பல வேடம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு 'காண்க' என்று வழிகாட்டியிருக்கிறதா பாருங்கள். கலைச்சொல் விளக்கமும் முக்கியம். அதிட்டானம், குமுதம், பட்டிகை, கொடுங்கை, கோட்டம் இவற்றை வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டாத கோயில் கட்டடக்கலை நூலை நான் தொடுவதில்லை. இந்த விஷயத்தில் மைக்கேல் மைஸ்டரும் எம்.ஏ. தாக்கியும் பதிப்பித்த 'என்சைக்ளோபீடியா ஆஃப் இந்தியன் டெம்பிள் ஆர்க்கிடெக்சர்' பிரமாதம். 1983இல் வந்த அதன் முதல் பகுதியே தமிழ்நாட்டுப் பகுதிதான். எழுத்து ஒரு நூல், படங்கள் தனி நூல். இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். ஒன்று மட்டும் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு, ஒற்றைச் செருப்போடு நின்றவர்களைத் தெரியும்.

தமிழில் என்ன வைக்கலாம் என்று கிளை நூலகர்கள் கேட்பதுண்டு. மயிலை சீனி. வேங்கடசாமியின் 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்' 1956இல் வந்தது. பள்ளி மாணவனும் படிக்கலாம். அதன் பிறகு நடந்த கண்டுபிடிப்புகள் அதில் இருக்காது என்பதை நினைவில் வைத்துக் கொடுங்கள். வை. கணபதி ஸ்தபதியின் 'சிற்பச் செந்நூல்' கையால் வேலை செய்தவரின் நூல். தாள அளவு, உறுப்பு விகிதம் என்று கேட்டு வருபவருக்கு அதை விட்டால் கதியில்லை. அந்த மாணவி களிமண் கேள்வியோடு வந்தபோது நான் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டியது அதைத்தான். பெரியசாமித் தூரன் தலைமையில் வந்த 'கலைக்களஞ்சியம்' பத்துத் தொகுதியும் உங்கள் நூலகத்தில் இருந்தால் தூசி தட்டுங்கள். குடவாயில் பாலசுப்ரமணியன் தஞ்சாவூர் பற்றி எழுதிய நூல்கள் காவிரிப் பக்கத்து நூலகங்களில் கட்டாயம்.

இருபதாம் நூற்றாண்டு ஓவியத்துக்கு வந்தால் அலமாரி வெறிச்சோடிக் கிடக்கும். 1850இல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி, 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம், தனபால், சந்தானராஜ், ஆதிமூலம் என்று இவ்வளவு நடந்திருக்கிறது. பெரிய நோக்கு நூல் என்று கையில் எடுத்துக் கொடுக்கச் சொற்பமே. இந்தப் பக்கத்தில் புத்தகத்தைவிடக் கண்காட்சிக் கையேடுதான் சரக்கு. எட்டுப் பக்கம், ஊசிப்பின் போட்டது, விலை கிடையாது. அதில் ஓவியத்தின் அளவு, ஊடகம், ஆண்டு எல்லாம் இருக்கும். எங்கும் கிடைக்காத ஓவியர் பிறந்த ஊரும் இருக்கும். கேட்டு வாங்கி, உறை போட்டு, ஓவியர் பெயர் வரிசையில் வையுங்கள். லலித் கலா அகாதெமியின் சிறு ஓவியர் நூல்களையும் விடாதீர்கள்.

புத்தகத்தின் உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. நடுவில் திறந்து மேசையில் வையுங்கள். படுக்காமல் துள்ளி மூடிக்கொண்டால் பசை மட்டும் போட்ட பைண்டிங். பாரம் பாரமாகத் தைத்திருந்தால் முதுகின் உள்ளே நூல் தெரியும். ஆர்ட் பேப்பர் கனத்துக்குத் தையல் இல்லாத புத்தகம் ஒரு வருடம் தாங்காது. இரண்டு பக்கத்துக்கும் பரந்த படத்தில் சாமியின் முகம் நடுமடிப்புக்குள் விழுந்திருந்தால் வடிவமைத்தவரைக் கும்பிட்டுவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். ஐம்பொன் திருமேனி பச்சையாகவோ தங்க முலாம் போட்டது மாதிரியோ தெரிந்தால் வண்ணம் கெட்டது. கனமான புத்தகம் என்று அடித்தட்டில் வைப்பது நம் வழக்கம். தண்ணீர் ஏறினால் முதலில் நனைவதும் அதுதான். வழவழப்புத் தாள் நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிச் செங்கல் ஆகிவிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், படுக்கை வசமாக அடுக்குங்கள்.

படம் கிழிப்பவர்கள் தொல்லை கலை நூல்களுக்கு எப்போதும் உண்டு. நூலிருப்புப் பதிவேட்டில் வண்ணப்படம் இத்தனை என்று எண்ணி எழுதுங்கள். பின்பக்கத்தில் முத்திரை வையுங்கள், முகத்தில் வேண்டாம். செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ள விட்டுவிட்டால் பிளேடு கொண்டுவருபவர்கள் குறைகிறார்கள். இது என் அனுபவம். காப்புரிமை பற்றி ஒரு அறிவிப்பு மேசையில் இருக்கட்டும், போதும்.

காசு விஷயம். இணையத்தில் கிடைப்பதை அச்சில் வாங்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், இரண்டாவதாக வாங்குங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி நிறுவனமும் தங்கள் பழைய வெளியீடுகளில் நூற்றுக்கணக்கானவற்றை இலவசமாகவே வைத்திருக்கின்றன. அவற்றின் முகவரிகளை ஒரு தாளில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டினால் ஒரு அலமாரி கூடியது போல. இன்னொரு எச்சரிக்கை. விக்கிப்பீடியா கட்டுரைகளை அப்படியே தொகுத்து, ஆர்டர் வந்தால் அச்சடித்து, ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர் பெயர் மூன்று இருக்கும், அவர்களைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஒரு வருடம் அப்படி மூன்று புத்தகம் எங்களிடம் வந்து சேர்ந்தது. நான்காவதைத் திருப்பி அனுப்பினேன். நன்கொடையாக வரும் பளபளப்பு நூல்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். கொடுத்தவர் மனம் கோணுமே என்று அலமாரியில் இடம் கொடுத்தால் அந்த இடம் பத்து வருடத்துக்குப் போயிற்று.

கடைசியாக, நூல் கழிவு. வருடாந்தரக் கணக்கெடுப்பில் கலைப் பகுதியில் முதலில் வெளியே போவது கறுப்பு வெள்ளைப் படம் போட்ட பழைய நூல்கள்தான். யாரும் எடுப்பதில்லை, தாள் பழுத்துவிட்டது, கழித்துவிடலாம் என்போம். தயவுசெய்து கை வைக்காதீர்கள். கிரேவ்லியும் டி.என். ராமச்சந்திரனும் 1932இல் போட்ட சென்னை அருங்காட்சியகத்துத் தென்னிந்தியச் செப்புத் திருமேனிப் பட்டியல் போன்றவற்றில் கருத்துகள் பழசாகியிருக்கலாம். அளவும் வரவுப் பதிவும் படமும் பழசாவதில்லை. சிவபுரத்துக்கு உதவியதும் 1965ஆம் வருடத்துப் புத்தகம்தான். போன வருடத்து வண்ணப் புத்தகத்தில் விவரம் இல்லையென்றால் அதைக் கழியுங்கள். நான் அந்த நாலு கிலோவைக் கழித்தேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் அப்பாவோ தாத்தாவோ வாங்கிவைத்த கும்பாபிஷேக மலர் ஏதாவது கிடக்கும். சாம்பல் நிறத்தில் மங்கிய படங்கள், நடுவே பாத்திரக்கடை விளம்பரம், தலபுராணம், திருப்பணிக் கணக்கு. அந்தக் கோயில் உற்சவர் படம் அச்சில் வந்த ஒரே இடம் அதுவாக இருக்கலாம். பழைய பேப்பர் கடைக்குப் போடுமுன் பக்கத்துக் கிளை நூலகத்தில் ஒருமுறை காட்டுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. கும்பாபிஷேகம் நடந்த வருடம் தெரிந்தால் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுங்கள்.